முதலில் புழு, அப்புறம் கத்திரியும் பசையும்

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு குடியிருப்பில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள். 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முழுக்க வண்ணத்துப்பூச்சியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க என்னென்ன கைவேலை செய்யலாம், நிஜப் புழுவைக் கொண்டுவந்து வளர்க்கலாமா, பெற்றோர் பயப்படுகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “சிறகில் ஜிகினா ஒட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள், மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.” உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். பல வருடங்களாகப் பெங்களூரில் சின்னப் பிள்ளைகளோடு பூச்சி, செடி, குளம் என்று வேலை செய்கிறேன். வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளர் அல்ல. அபூர்வ இனங்களை அடையாளம் காண்பதற்கு நானும் அதற்கென்றே உழைப்பவர்களிடம்தான் போய் நிற்பேன். ஐந்து வயதுப் பிள்ளை எதைப் பார்க்கும், எதை விட்டுவிடும், கேள்வி எப்போது வரும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதை வைத்துச் சொல்கிறேன்: பிள்ளைகள் மறந்துபோவதற்கு ஜிகினா காரணமில்லை. எதையும் பார்க்காமல் செய்ததுதான் காரணம். கைவேலை என்பது பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை மறுபடி கையால் சொல்லிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். பார்த்தது ஒன்றுமில்லை என்றால் சொல்வதற்கும் ஒன்றுமிருக்காது.

அதனால் முதல் ஞாயிறு எந்த விளக்கமும் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு உருண்டை களிமண், கொஞ்சம் காகிதம், ஈர்க்குச்சி கொடுத்து, “உனக்குத் தெரிந்த வண்ணத்துப்பூச்சியைச் செய்” என்று மட்டும் சொல்லுங்கள். சிரித்த முகம், இரண்டு சிறகு, நடுவில் ஒரு குச்சி, கால் இல்லை என்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். திருத்த வேண்டாம். பேர் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். கடைசி ஞாயிறு அதே களிமண்ணைக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்ன கற்றார்கள் என்பதைப் பெற்றோருக்கு அதற்கு மேல் நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இனி புழு விஷயம். வளர்க்கலாம், இந்த வயதுக்கு வளர்த்தே ஆக வேண்டும் என்பேன். ஆனால் எந்தப் புழு என்பதில் கறாராக இருங்கள். பல கட்டுரைகளில் எருக்கஞ்செடியைச் சொல்வார்கள். அதில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு சுலபமாகக் கிடைக்கும், கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டைகளோடு அழகாகவும் இருக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும். அரளியில் வளரும் வெண்புள்ளிக் கருப்பனின் கூடு வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கும், ஆனால் அரளிச்செடி முழுக்க விஷம். கையை வாயில் வைக்கும் வயதில் இவை இரண்டும் வேண்டாம். கறிவேப்பிலைதான் சரியான செடி. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு இனங்களும் அதில் முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தைச் செடிகளிலும் இடும். மூன்றாவது நான்காவது மாடி பால்கனித் தொட்டியைக்கூட தாய்ப்பூச்சி தேடிக்கொண்டு வந்துவிடும். கறிவேப்பிலை அநேகமாக நம் எல்லார் வீட்டுப் பால்கனியிலும் இருப்பதால், “இது என் வீட்டுச் செடி” என்ற உரிமையும் பிள்ளைக்கு வரும்.

முட்டையைத் தேடுவதே ஒரு முழு வகுப்பு. கொழுந்து இலைகளில், மேற்பக்கமோ அடிப்பக்கமோ, கசகசா அளவில் வெளிர் மஞ்சளாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்ப்பூச்சி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அது உட்காராது. சிறகடித்துக்கொண்டே முன்காலால் இலையைத் தட்டிப் பார்க்கும், வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். இலையைத் தட்டுவது ருசி பார்ப்பதற்கு. வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சுவை அறியும் உறுப்புகள் காலிலும் உண்டு. “காலால் ருசி பார்க்குமா!” என்று பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை மிதித்துப் பார்ப்பார்கள். விடுங்கள், பார்க்கட்டும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். வெளியே வரும் புழு 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. பல சமயம் முதல் சாப்பாடே அதன் முட்டை ஓடுதான். அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு அது அசிங்கமாக இருக்கும், இந்த அசிங்கத்தைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, இலையின் நடுவில் அசையாமல் கிடக்கும். பறவை எச்சம் என்று நினைத்து யாராவது துடைத்துப் போட்டுவிடுவார்கள். குருவியும் அப்படித்தான் நினைத்து விட்டுப்போகும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு ஒரே நாளில் பச்சைப் பசேலென்று வேறு ஆளாக நிற்கும். இந்த மாற்றத்தைப் பார்த்த பிள்ளை, “நம்ம புழுவை யாரோ மாத்திட்டாங்க” என்று புகார் சொல்லும். அங்கே நிறுத்தி, எப்படி மாறியிருக்கும் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். பதிலைச் சொல்லிவிட்டால் அந்த வாரம் முடிந்துபோகும்.

வளர்க்கும் ஏற்பாடு எளிது. சாப்பாட்டை மூடிவைக்க விற்கும் வலைக்குடை ஒன்று, அடியில் பழைய செய்தித்தாள், ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர், அதில் கறிவேப்பிலைக் கொத்து. பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிப்போகும். எறும்பு வரும் வீடாக இருந்தால் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். எச்சத்தைத் தினமும் அகற்றுங்கள், ஈரம் தேங்கினால் நோய் வரும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே வேண்டாம், எந்த மருந்து அடித்தது என்று நமக்குத் தெரியாது. நர்சரியில் புதிதாக வாங்கிய செடியும் அப்படித்தான், சில வாரம் மழையில் நனைந்து புதுத் துளிர் விட்ட பிறகு பயன்படுத்துங்கள். உங்கள் குடியிருப்பில் கொசுமருந்துப் புகை அடிக்கும் நாள் எது என்று காவலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்று வலைக்குடை வீட்டுக்குள் இருக்கட்டும். வகுப்புக்கு இரண்டு மூன்று புழு போதும். புழு தலையைத் தூக்கியோ குனிந்தோ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் நின்றால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது இலையை மாற்றுகிறேன் என்று இழுத்து எடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்பதால் புழு வாரநாளில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் ஒரு நூலைப் புழுவின் பக்கத்தில் பிடித்து அதன் நீளத்துக்கு வெட்டி, நோட்டில் வரிசையாக நிற்க வைத்து ஒட்ட வேண்டும், கீழே தேதி எழுத வேண்டும். எண்கள் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். முதல் நூல் ஒரு புள்ளி மாதிரி இருக்கும், இரண்டு வாரம் கழித்துச் சுமார் 4 சென்டிமீட்டர் நூல் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளை தன் கையாலேயே வரைபடம் ஒன்று செய்திருக்கிறது, அதற்கு வரைபடம் என்ற பேர்கூடத் தெரியாமல். எனக்குத் தெரிந்த கைவேலைகளில் இதைவிட நல்லது எதுவும் இல்லை. கூட்டுப்புழு ஆன பிறகு நூல் வளரவே வளராது. “ஏன் வளரல?” என்று கேள்வி அங்கே வரும். வளர்ச்சியெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான், சிறகு வந்த பிறகு வண்ணத்துப்பூச்சி வளர்வதில்லை, சின்ன வண்ணத்துப்பூச்சி என்றால் அது குட்டி அல்ல என்பதெல்லாம் அந்த நூல் வரிசையிலிருந்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு சோதனை. கறிவேப்பிலை, துளசி, மா இலை மூன்றையும் சின்னத் துண்டுகளாக ஒரு தட்டில் வைத்து நடுவில் புழுவை விடுங்கள். எதைத் தின்னும் என்று பிள்ளைகள் முதலில் கை தூக்கிச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கட்டும். பல படக்கதைகளில் புழு கேக்கும் பழமும் தின்று வளர்வதைப் பார்த்தவர்களுக்கு, மற்ற இலையை முகர்ந்துகூடப் பார்க்காமல் இது திரும்பிப்போவது பெரிய ஆச்சரியம். அரைமணி நேரம் போதும், பட்டினி போட வேண்டாம். மெல்லிய தூரிகையால் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கவட்டை சட்டென்று வெளியே வரும், புளித்துப்போன பழ வாடை அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். ஒரு முறை காட்டினால் போதும், ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கு ஏன் கோபம் வந்தது என்று அவர்கள் கேட்பார்கள், நம்மை யாராவது குத்திக்கொண்டே இருந்தால் என்று திருப்பிக் கேளுங்கள்.

கூடு கட்டும் கட்டத்தில்தான் தப்பான பாடம் அதிகம் நடக்கிறது. பள்ளித் தாள்களில் வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூட்டிலிருந்து வெளியே வருவதாகப் போட்டிருப்பார்கள். பட்டுக்கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம்தான். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பெரும்பாலும் மூடுதுணி எதுவும் இல்லாமல் வெறும் ஓட்டோடு இருக்கும். கறிவேப்பிலைப் புழு என்ன செய்யும் என்றால், முதலில் வயிற்றில் இருப்பதையெல்லாம் நீர்க்கக் கழித்துவிட்டு இடம் தேடி வேகமாக அலையும். ஒரு குச்சியில் பட்டு நூலால் சின்ன மெத்தை நெய்து வாலை அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி, முதுகைச் சுற்றி ஒரு நூல் இடுப்புக்கயிறு கட்டிக்கொண்டு, தென்னை ஏறுகிறவர் கயிற்றில் சாய்வதைப் போலச் சாய்ந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் தோல் உரிந்து கூட்டுப்புழு. இதை வைத்துச் செய்யும் கைவேலை எளிது: ஒரு குச்சி, களிமண் கூட்டுப்புழு, ஒரு நூல். நூலைச் சரியான இடத்தில் கட்டாவிட்டால் களிமண் தலைகீழாகத் தொங்கிவிடும். பிள்ளைகள் மூன்று நான்கு தடவை கட்டிப் பார்ப்பார்கள், அதுதான் பாடம். பெங்களூரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மைசூர் சாலையில் ராமநகரப் பட்டுக்கூடு சந்தைக்கு ஒரு நாள் போய்வந்தால், மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும் பட்டுக்கூட்டையும் நம் கறிவேப்பிலைக் கூட்டுப்புழுவையும் பிள்ளைகள் பிறகு ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பட்டு எடுக்கும்போது உள்ளே இருப்பது செத்துப்போகுமா என்று கேட்பார்கள். ஆமாம், வழக்கமான முறையில் சூட்டில் செத்துப்போகும் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

கூட்டுப்புழு பச்சையாகவும் வரும், பழுப்பாகவும் வரும். பச்சைத் தாள் ஒட்டிய குச்சி, பழுப்புக் குச்சி இரண்டையும் வைத்து எது எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ஆனால் “பச்சை வைத்தால் பச்சை” என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளில் நிறம் மட்டுமல்ல, பரப்பின் சொரசொரப்பும் ஈரப்பதமும் சேர்ந்து முடிவுசெய்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் இரண்டு மூன்று புழுவை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. எதிர்பார்த்தபடி வராமல்போவதும் அறிவியலில் நடக்கும் என்பது அவர்கள் கண்முன் நடக்கட்டும்.

கூட்டுக்குள் எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடுகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இது பாதி உண்மை. புழுவின் தசையும் பல உறுப்புகளும் பெருமளவு சிதைந்து புதிதாகக் கட்டப்படுகின்றன, உறுதி. ஆனால் எல்லாமே கரைவதில்லை. உயிருள்ள கூட்டுப்புழுவை நுண் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த 2013 ஆய்வில், மூச்சுக்குழாய் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே இருப்பது தெரிந்தது. சிறகு, கால், உணர்கொம்பு ஆகியவற்றுக்கான விதைகள் புழுவுக்குள்ளேயே இருக்கின்றன. “உள்ளே ரிப்பேர் வேலை நடக்கிறது, வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், ஆனால் சில சுவர் அப்படியே இருக்கிறது” என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

கூட்டுப்புழுவாக இருப்பது கோடையில் சுமார் பத்து நாள், டிசம்பர் ஜனவரிக் குளிரில் அதிகம். வெளியே வருவதற்கு முதல் நாள் கூடு கறுத்து, சிறகின் புள்ளிகள் ஓட்டுக்கு வெளியே தெரியும். பெரும்பாலும் காலையில்தான் வரும், ஆகவே அந்த வீட்டார் ஒரு வீடியோ எடுத்துவைப்பது நல்லது. வந்ததும் சிறகு கசங்கிய துணி மாதிரி இருக்கும். அதைத் தொங்கவிட்டு, உடலிலிருந்து திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். உதவி செய்கிறேன் என்று ஓட்டைப் பிய்க்கவோ சிறகை நீவிவிடவோ கூடவே கூடாது. அந்த நேரத்தில் சிறகு சரியாக விரியாமல் காய்ந்துவிட்டால் பிறகு பறக்கவே முடியாது. கீழே செந்நிறமோ பழுப்போ ஒரு திரவம் சொட்டும். “ரத்தம்!” என்று அலறுவார்கள். கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவுதான் அது. இன்னும் கொஞ்சம் கவனித்தால் உறிஞ்சுகுழல் இரண்டு தனி இழைகளாக இருப்பதும், அவற்றைச் சுருட்டிச் சுருட்டி விரித்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதும் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து வெயில் இருக்கும்போது வெளியே விடுங்கள்.

இப்போது கத்திரியும் பசையும். ஒரு கைவேலை ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். உடம்புக்கு மூன்று களிமண் உருண்டை: தலை, மார்பு, வயிறு. நான்கு சிறகும் ஆறு காலும் நடு உருண்டையில்தான். கடையில் கிடைக்கும் மாதிரிகளில் சிறகு உடம்பு நெடுக ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். வெந்தய வரியனை நேரில் பார்த்த பிள்ளை “நாலு கால்தான் இருந்தது” என்று அடித்துச் சொன்னால் அதுவும் சரிதான். அந்தக் குடும்பத்தில் முன்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும், எண்ணிக்கை ஆறுதான். உணர்கொம்புக்கு ஈர்க்குச்சி, அதன் நுனியில் ஒரு கடுகு. நுனி தடித்திருந்தால் நம் ஊரில் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. இறகு மாதிரியோ நூல் மாதிரியோ இருந்தால் அந்துப்பூச்சி. சிறகை விரித்து உட்காருமா மூடி உட்காருமா என்ற அடையாளம் அடிக்கடி ஏமாற்றும், அதை நம்பாதீர்கள்.

தாளை மடித்துச் சாயம் அழுத்தும் வேலை எல்லாருக்கும் தெரியும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதற்கு நல்ல உதாரணம். மார்கழிக் கோலம் போட்டுப் பழகிய வீடுகளில் அது சட்டென்று பிடிபடும். ஆனால் அதோடு நிறுத்தாமல் தாளைத் திருப்பி அடிப்பக்கத்துக்கும் வண்ணம் கொடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய எந்தக் கைவேலைத் தாளும் இதைச் செய்வதில்லை. லால்பாக்கிலோ உங்கள் தெரு மாமரத்துப் புல்லுருவியைச் சுற்றியோ பறக்கும் காமன் ஜெசபெல் மேலே வெள்ளையும் கறுப்புக் கோடும்தான். உட்கார்ந்து சிறகை மூடினால் அடிப்பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் பளீரென்று இருக்கும். ஒரே பூச்சிக்கு இரண்டு சட்டை என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் குனிந்து அடியில் பார்ப்பார்கள். வாய்க்கு ஒரு விளையாட்டு: முதலில் வெள்ளரித் துண்டைக் கடித்துச் சாப்பிடுங்கள், இப்போது நீங்கள் புழு. அடுத்து ஸ்ட்ராவில் எலுமிச்சைச் சாறு, இப்போது வண்ணத்துப்பூச்சி. வெள்ளரியை ஸ்ட்ராவால் சாப்பிட முடியுமா என்று கேளுங்கள். வளர்ந்த பூச்சிக்குக் கடிக்கும் வாய் இல்லை என்பது அங்கேயே முடிந்தது. வெளிநாட்டுப் பக்கங்களில் வரும் காப்பி வடிதாள் வண்ணத்துப்பூச்சிக்கு நம் வீட்டில் டிஷ்யூ பேப்பர் போதும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஓரத்தைத் தண்ணீரில் தொட்டால் நீலமும் ஊதாவும் பிரிந்து ஏறும். அழகாக இருக்கும், ஆனால் வண்ணத்துப்பூச்சியைப் பற்றி அது ஒன்றும் சொல்லித்தராது. மழை பெய்து வெளியே போக முடியாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறகின் செதில்களைக் கட்டாயம் காட்டுங்கள். ஜன்னலோரம், சிலந்தி வலை, படிக்கட்டு மூலையில் உதிர்ந்த சிறகு கிடைக்கும். செல்லோடேப்பை அதன் மேல் ஒற்றி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாகச் செதில்கள். மனு பிரகாஷின் காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் கிடைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்தத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. பார்வை போகாது. எந்தத் தூசி பட்டாலும் உறுத்துவதுபோல உறுத்தலாம், கை கழுவினால் போதும். உயிரோடு இருக்கும் பூச்சியில் டேப் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லுங்கள். ஊசியில் குத்திச் சட்டம் போட்டு விற்கும் வண்ணத்துப்பூச்சிகளை வாங்கவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி: வண்ணத்துப்பூச்சிக்குத் தான் புழுவாக இருந்தது ஞாபகம் இருக்குமா? அழகான கேள்வி, “தெரியாது” என்று தள்ளிவிடாதீர்கள். 2008-இல் அமெரிக்காவில் ஒரு அந்துப்பூச்சி இனத்தில் சோதித்தார்கள். கடைசிப் பருவத்துப் புழுக்களுக்கு ஒரு வாசனையோடு லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அந்துப்பூச்சியான பிறகும் பல அந்த வாசனையைத் தவிர்த்தன. அதைவிட இளம் பருவத்தில் பழக்கியவற்றுக்கு அந்த நினைவு இல்லை. ஒரே ஒரு அந்துப்பூச்சி இனத்தில் கண்டது இது. அதை வைத்து நம் கறிவேப்பிலை அழகிக்கும் நினைவிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. “சில பூச்சிக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம்” என்பதுதான் நேர்மையான பதில். வண்ணத்துப்பூச்சி ஒரே நாளில் செத்துப்போகும் என்று சிலர் சொல்வது மட்டும் தவறு. பல இனங்கள் ஓரிரு வாரம், சில அதற்கும் மேல் வாழும்.

பெற்றோரின் பயத்துக்கு வருவோம். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியால் தடித்துப்போன உடம்பு நம் எல்லார் நினைவிலும் இருக்கிறது, அவர்கள் பயப்படுவது நியாயம். அது அந்துப்பூச்சியின் புழு. முடியுள்ள எந்தப் புழுவையும் தொடக் கூடாது என்பது வகுப்பின் முதல் சட்டமாக இருக்கட்டும். கறிவேப்பிலைப் புழுவுக்கு முடி இல்லை, கடிக்காது, அரிக்காது. ஒரு மாலை பெற்றோரையும் கூப்பிட்டு வலைக்குடையைக் காட்டிவிடுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் பிள்ளை அதையே கற்கும், புழுவைப் பார்த்துக் குனிந்தால் அதையும் கற்கும்.

இன்னொரு பயம் உங்களுடையது, நீங்கள் எழுதவில்லை: செத்துப்போனால் என்ன செய்வது? சில சாகும். ஒரு நாள் கூட்டுப்புழு பழுப்பாகி, அதில் ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்து, உள்ளிருந்து கொசுவைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வரும். தாய்க்குளவி முன்பே உள்ளே முட்டையிட்டிருக்கிறது. மறைத்து எடுத்துப்போய்க் குப்பையில் போட்டுவிடாதீர்கள். “குளவிக்கும் குஞ்சு உண்டு, அதுவும் சாப்பிட வேண்டும்” என்று சொல்லிக் காட்டுங்கள். சில பிள்ளைகள் அழும், அழட்டும். எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சியானால் நம் கறிவேப்பிலைச் செடியில் ஒரு இலைகூட மிஞ்சாது என்பதை அடுத்த வாரம் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

பன்னேருகட்டா வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2006-இல் திறந்தது, இந்தியாவிலேயே முதலாவது. முதல் வாரமே கூட்டிப்போகாதீர்கள், நூறு பூச்சியைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம்தான் நினைவில் நிற்கும். வீட்டில் ஒன்றை வளர்த்த பிறகு, மூன்றாம் நான்காம் வாரம் போனால் அங்கே குழலையும் உணர்கொம்பையும் தேடுவார்கள். செவ்வாய் விடுமுறை. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும்போதுதான் பூச்சிகள் சுறுசுறுப்பாக இருக்கும். இனம் தெரியாத ஒன்றின் படம் கிடைத்தால், நம் ஊரிலேயே உள்ள என்.சி.பி.எஸ். ஆராய்ச்சி நிறுவனத்தில் கிருஷ்ணமேக் குண்டேயின் குழு நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். முட்டையிலிருந்து சிறகு வரை சுமார் ஒரு மாதம், உங்கள் நான்கு ஞாயிறுக்குப் பொருந்தும். ஜூன் மழையில் கறிவேப்பிலை நன்றாகத் துளிர்க்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டை கிடைப்பது சுலபம். செப்டம்பரில் நாடு முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமும் நடக்கும், அப்போது தன்னார்வலர்களின் நடைகளில் சேர்ந்துகொள்ளலாம். பழைய கிளைகளை ஜூலைக் கடைசியில் கொஞ்சம் கிள்ளிவிட்டால் புதுக்கொழுந்து நிறைய வரும். மருந்தடிக்காத இரண்டு தொட்டிகளாவது வேண்டும், ஒன்று வளர்க்க, இன்னொன்று இலைக்கு. கடைசிப் பருவத்தில் புழு தின்னும் வேகத்துக்கு ஒரு தொட்டி தாங்காது.